ஒற்றைக் கயிறா, இரட்டைக் கயிறா: மரம் கழிக்கும் குழு முதலில் எதை வாங்குவது?

மரம் கழிக்கும் வேலையை இனி வெறுங்காலும் வெறுங்கையுமாகச் செய்வதில்லை, கயிறும் ஹார்னஸும் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பட்டை) போட்டுத்தான் ஏறுவது என்று தீர்மானித்த குழு எதுவானாலும், கடைக்குப் போகுமுன் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். கயிற்றை இரண்டாக மடித்துக் கவையில், அதாவது கிளை பிரியும் இடத்தில் போட்டு, அது கவையில் ஓட ஓட ஏறுவதா? இல்லை, கயிற்றை அசையாமல் ஓரிடத்தில் கட்டிவிட்டு அதைப் பிடித்து ஆள் மட்டும் மேலே போவதா? முதலாவது இரட்டைக் கயிற்று முறை, இரண்டாவது ஒற்றைக் கயிற்று முறை. எத்தனை மீட்டர் கயிறு வாங்க வேண்டும், அதைப் பிடிக்க என்ன சாமான் வேண்டும், கீழே நிற்பவருக்கு என்ன பழக்க வேண்டும் என்பதெல்லாம் இந்த ஒரு முடிவைப் பொறுத்தே மாறும்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேம்பு, மா, புளி, தூங்குமூஞ்சி என்று படர்ந்த மரங்களைக் கழிப்பதே முக்கிய வேலையாக உள்ள குழு இரட்டைக் கயிற்றில் தொடங்கட்டும். நீலகிரி, வால்பாறை பக்கம் தைலமரம், சில்வர் ஓக் என்று முதல் கிளையே எங்கோ உயரத்தில் இருக்கும் மரங்களில் வேலை செய்பவர்கள் ஒற்றைக் கயிற்றைக் கற்றுக்கொள்வது நல்லது. தென்னைக்கு இரண்டுமே சரிவராது. அதைத் தனியே பார்ப்போம்.

இப்படிப் பிரிக்கக் காரணம் விலையோ கருவியின் புதுமையோ அல்ல. கவைக்கு விழும் பாரம் ஒன்று, மரத்துக்குள் ஆள் செலவிடும் நேரம் இன்னொன்று.

கவை எவ்வளவு சுமக்கிறது

ஆளும் சாமானும் சேர்ந்து 80 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இரட்டைக் கயிற்றில் கயிற்றின் ஒரு முனை அவருடைய ஹார்னஸில் கட்டியிருக்கும். கவையைச் சுற்றி இறங்கிவரும் மறுபக்கத்தையும் பிடிமுடிச்சு (பாரம் விழுந்தால் கயிற்றைக் கவ்வும் முடிச்சு) மூலம் அவரே பிடித்திருப்பார். ஒவ்வொரு பக்கத்துக்கும் சுமார் 40 கிலோ. கவை சுமப்பது மொத்தம் 80.

ஒற்றைக் கயிற்றில் பெரும்பாலும் செய்வது இது: கயிற்றைக் கவைக்கு மேலே போட்டு, மறுபக்கத்தை இறக்கி, அடிமரத்தில் கட்டிவிடுவார்கள். ஆள் தொங்கும் பக்கம் 80 கிலோ கீழே இழுக்கிறது. அதற்கு ஈடுகொடுக்க அடிமரப் பக்கமும் ஏறக்குறைய அதே அளவு இழுத்துப் பிடிக்க வேண்டும். கவைக்கு 160 கிலோ. பட்டையின் உராய்வு இதில் கொஞ்சம் குறைக்கும் என்பது உண்மைதான், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடக் கூடாது. ஆள் ஒரு முறை வழுக்கிக் கயிற்றில் விழுந்தால் இந்த எண்ணிக்கை இன்னும் கூடும்.

புதிதாக ஒற்றைக் கயிற்றுக்கு மாறுபவர்கள் இதைத்தான் கவனிக்காமல் விடுகிறார்கள். போன வருடம் இரட்டைக் கயிற்றில் ஏறிய அதே கவைதானே என்று நினைப்பார்கள். கவை அதேதான், அதன் தலையில் ஏறும் பாரம்தான் இரண்டு மடங்கு. நான்கு அங்குலத்துக்குக் குறையாத பச்சைக் கிளை, அதுவும் தாய்மரத்தை ஒட்டிய இடம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. புளியில் அது தாராளம். முருங்கையிலும் இலவத்திலும் அந்த அளவை நம்பவே கூடாது.

அதனால் ஒற்றைக் கயிற்றில் ஏறும் எவரும் தரையை விட்டுக் காலெடுக்குமுன் இரண்டு பேராகக் கயிற்றில் தொங்கி, முழங்காலை மடக்கிக் குலுக்கிப் பார்க்க வேண்டும். காய்ந்த கிளை என்றால் அப்போதே சத்தம் கொடுக்கும். மேலே கயிறு எந்தக் கிளையில் உட்கார்ந்திருக்கிறது என்பதையும் சுற்றிவந்து பார்க்க வேண்டும், முடிந்தால் பைனாகுலர் வைத்தே பார்க்க வேண்டும். இலை அடர்ந்த மாமரத்தில் கீழிருந்து பச்சையாகத் தெரிவது பக்கத்துக் கிளையின் இலையாக இருக்கலாம்.

இந்த இரட்டிப்புப் பாரத்தைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. கயிற்றை அடிமரத்தில் கட்டாமல், மேலே கவையிலேயே சுருக்கிட்டு இறுக்கிக் கட்டுவது. அப்போது கவைக்கு ஆளின் எடை மட்டுமே. ஆனால் இதற்கு எறிகயிறு (பிரதான கயிற்றை மேலே ஏற்ற முதலில் வீசும் மெல்லிய கயிறு) கவையை மட்டும் தனியாகச் சுற்றியிருக்க வேண்டும். வேலை முடிந்தபின் சுருக்கைக் கீழே இழுத்து அவிழ்க்கத் தனியாக ஒரு கயிறும் தொங்கவிட வேண்டும்.

ஏறுவது

உயரம் கூடக்கூட ஒற்றைக் கயிறு ஜெயிக்கும், இதில் சந்தேகமே இல்லை. இரட்டைக் கயிற்றில் ஒரு மீட்டர் மேலே போக இரண்டு மீட்டர் கயிற்றை இழுக்க வேண்டும். 20 மீட்டர் உயரக் கவைக்குப் போய்ச் சேர 40 மீட்டர் கயிறு கைவழியாகப் போகிறது. கணக்குப்படி பாதி எடையைத்தான் தூக்குகிறோம், ஆனால் கவையின் சொரசொரப்பான பட்டையில் கயிறு உராய்வதால் அந்தச் சலுகையில் பெரும்பகுதி கரைந்துவிடும். வேம்பின் முதிர்ந்த பட்டையில் இது நன்றாகவே தெரியும். மேலே போய்ச் சேர்வதற்குள் தோள் சோர்ந்துவிட்டால், கையில் ரம்பம் பிடிக்கும் நேரத்தில் ஆள் பாதி ஆள்தான்.

இதற்கு மாற்று, கவையில் உராய்வுப் பட்டை போடுவது. ஒரு நாடாவின் ஒரு முனையில் பெரிய வளையம், மறுமுனையில் சின்ன வளையம். நாடா கவையைச் சுற்றி உட்காரும், கயிறு இரண்டு வளையங்கள் வழியாக ஓடும். பட்டை சிதையாது, கயிறும் தேயாது, இழுப்பதும் சுலபம். வேலை முடிந்ததும் கயிற்றின் முனையில் ஒரு குண்டு கோத்து இழுத்தால், அது பெரிய வளையத்தில் நுழைந்து சின்ன வளையத்தில் சிக்கி, பட்டையை அப்படியே கீழே கொண்டுவந்துவிடும். இரட்டைக் கயிற்றில் வேலை செய்கிறவர்கள் கயிற்றுக்கு அடுத்து இதைத்தான் வாங்க வேண்டும். மரத்தின் மேல் அக்கறை உள்ளவர்கள் கட்டாயம் வாங்க வேண்டும். கயிறு ஓடி ஓடிக் கவையின் பட்டையை அறுத்தால் அதன் கீழிருக்கும் உயிர்ப்படலம் செத்துப்போகும். மரத்தைக் காப்பாற்றக் கழிக்கப்போய் அதன் கவையில் புண் வைத்துவிட்டு வருவது என்ன வேலை?

ஒற்றைக் கயிற்றில் கயிறு ஓடாது, ஆள்தான் ஓடுவார். ஏற்றி என்பது மேலே நகரும், கீழே வழுக்காமல் கயிற்றைக் கவ்வும் கருவி. ஒரு காலில் பாத ஏற்றி, மறுகாலின் முழங்காலுக்கு ஓர் ஏற்றி, இரண்டையும் மாற்றி மாற்றி மிதித்தால் மாடிப்படி ஏறுவதுபோலப் போய்விடலாம். கைகளுக்கு வேலை சமநிலை பிடிப்பது மட்டும்தான். கால்தசைதான் உடம்பிலேயே பலமான தசை, அதை வைத்து ஏறுவதும் தோளை வைத்து ஏறுவதும் ஒன்றல்ல. 25 மீட்டர் சில்வர் ஓக்கில் ஒரே நாளில் மூன்று நான்கு முறை ஏறி இறங்குபவருக்கு இந்த வித்தியாசம் முக்கியமாகப்படும்.

எறிகயிற்று வேலையும் ஒற்றைக் கயிற்றில் எளிது. மெல்லிய கயிற்றின் நுனியில் முந்நூறு, நானூறு கிராம் குண்டுப்பையைக் கட்டி வீசுகிறோம். இரட்டைக் கயிற்றுக்கு அது ஒரே கவையைச் சுற்றி, வேறு கிளை எதுவும் நடுவில் வராமல், இரு பக்கமும் சேர்ந்து கீழே வர வேண்டும். படர்ந்த மரத்தில் இதைச் சரிசெய்யவே நேரம் போகும். அடிமரத்தில் கட்டும் ஒற்றைக் கயிற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மூன்று கிளைகளுக்கு மேலே போய் விழுந்தாலும் பரவாயில்லை, ஒரு கிளை நழுவினால் அடுத்தது பிடிக்கும் என்றுகூட ஆகும். ஆனால் அந்த அடுத்த கிளைக்குப் போகும் இடைவெளியில் ஆள் விழுவார் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கிளையின் நுனிக்குப் போவது

ஏறுவதை மட்டும் வைத்துப் பார்த்தால் எல்லோரும் ஒற்றைக் கயிற்றையே வாங்கிவிடலாம். ஆனால் நம் ஊரில் கவாத்து வேலையின் பெரும்பகுதி ஏறுவதில் இல்லை. தூங்குமூஞ்சி மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் கவை தரையிலிருந்து பன்னிரண்டு அடியில் பிரிந்துவிடும். அதிலிருந்து ஒவ்வொரு கிளையும் பக்கவாட்டில் நாற்பது, ஐம்பது அடி போகும். கூரைமேல் தொங்குவதும் மின்கம்பியை உரசுவதும் அந்த நுனிதான். ஆள் அங்கே நடந்து போக வேண்டும், வெட்ட வேண்டும், திரும்பி வர வேண்டும். அப்புறம் அடுத்த கிளை.

நடந்து போகும்போது கயிறு பின்னாலிருந்து சாய்வாக மேலே இழுத்துப் பிடித்திருக்கும். அடி எடுத்து வைக்க வைக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கயிற்றை விட வேண்டும். இரட்டைக் கயிற்றில் பிடிமுடிச்சை விரலால் அழுத்தினால் இரண்டங்குலம், மூன்றங்குலம் என்று அளந்து விடலாம். திரும்பும்போதுதான் அதன் முழு அருமை தெரியும். சரிவான கிளையில் மேல்நோக்கித் திரும்பிப் போக வேண்டும், காலுக்குப் பிடிப்பு இல்லை. இரட்டைக் கயிற்றின் தொங்கும் பக்கத்தை ஒரு கையால் இழுத்தால் பாதிப் பாரம்தான் இழுபடும், பிடிமுடிச்சு தானாக மேலேறி இறுகும். ஒற்றைக் கயிற்றில் அந்த உதவி கிடையாது. முழு எடையையும் இழுக்க வேண்டும், அல்லது கயிற்றின் வால்பகுதியை ஒரு கப்பியில் மடித்து அந்த நேரத்துக்கு மட்டும் இழுவை அமைப்பு செய்துகொள்ள வேண்டும். அதோடு அடிமரம் வரை போகும் நீளமான கயிறு முழுவதும் சற்று நீளும். நுனியில் நிற்கும்போது கால் தவறினால் அந்த நீட்சி ஆளை எதிர்பார்த்ததைவிடக் கீழே கொண்டுபோய் விடும்.

இன்னொரு பக்கமும் சொல்ல வேண்டும். கயிற்றை வழியில் வேறொரு கவையில் போட்டுத் திசைமாற்றினால் இரட்டைக் கயிற்றில் உராய்வு கூடும், இரண்டாவது திசைமாற்றத்துக்குப் பிறகு கயிறு நகரவே நகராது. ஒற்றைக் கயிற்றில் எத்தனை கவையில் திருப்பினாலும் ஏறுவதில் மாற்றம் இல்லை. பெரிய ஆலமரத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்குப் போகும் வேலை என்றால் இது பெரிய லாபம். அனுபவம் உள்ளவர்கள் பலர் ஒற்றைக் கயிற்றில் ஏறிப்போய், மேலே போனதும் இரட்டைக்கு மாற்றிக்கொள்வதும் இதனால்தான். ஆனால் முதல் வருடத்தில் இரண்டையும் கலக்க வேண்டாம். மாற்றும் அந்த ஒரு நிமிடத்தில்தான் எதிலும் கோத்திராமல் ஆள் நிற்க நேரும்.

எந்த முறையானாலும் ரம்பத்தை எடுக்குமுன் இடுப்பு லேன்யார்டை (ஹார்னஸோடு இணைந்த குட்டைக் கயிறு) தனியாகக் கிளையில் சுற்றிக் கோத்துவிட வேண்டும். மரத்தில் செயின்சா ஓடும்போது இரண்டு பிடிமானம் வேண்டும் என்பது அமெரிக்காவின் மரவேலைப் பாதுகாப்புத் தரமான ஆன்சி இசட் 133-இன் விதி. பிரிட்டனில் 2020-இல் இன்னும் ஒருபடி மேலே போய், மரத்தில் இருக்கும் நேரம் முழுவதும் தனித்தனியாகக் கட்டிய இரண்டு கயிறுகளில் வேலை செய்வதை வழக்கமாக்கினார்கள். நமக்கு அப்படிக் கேட்கும் ஆள் இல்லாமல் இருக்கலாம், ஆனால் ரம்பம் நம் ஊரிலும் கயிற்றை ஒரே நொடியில்தான் அறுக்கும்.

முடிச்சா, கருவியா

இரட்டைக் கயிற்றுக்கு முடிவு செய்தவர்கள் அடுத்துத் தடுமாறுவது இங்கே. பிடிமுடிச்சு என்பது பிரதான கயிற்றைச் சுற்றிக் கட்டும் சின்னக் கயிறு. பாரம் விழுந்தால் கவ்வும், தலையில் அழுத்தினால் நெகிழும். எல்லாவற்றுக்கும் மூத்தது ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931-இல் வெளியிட்ட முடிச்சு. கவ்வுவதில் அதற்கு இணை இல்லை, ஆனால் கவ்வியபின் விடுவிப்பதும் கஷ்டம். நாள் முழுக்க ஏறி இறங்கும் வேலைக்கு அது தோதுப்படாது.

மரவேலைக்காரர்கள் பெரிதும் கற்றுக்கொள்வது பிளேக்ஸ் ஹிட்ச். ஜேசன் பிளேக் 1994-இல் அமெரிக்க மரவேலைக்காரர்களிடையே பரப்பியதால் அந்தப் பெயர் வந்தது. ஆஸ்திரியாவின் ஹைன்ஸ் புரோஹாஸ்கா அதற்கு முன்பே இதைக் கண்டறிந்திருந்தார். கயிற்றின் வால்முனையிலேயே இதைக் கட்டிவிடலாம், தனியாக ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. நான்கு சுற்று சுற்றி, வாலைக் கீழிரண்டு சுற்றுக்குள் விட்டு எடுத்து, பின்னால் ஓர் எட்டு முடிச்சு போட்டுவிட்டால் வேலை முடிந்தது. குறை என்னவென்றால், வேகமாக இறங்கினால் ஒரே இடத்தில் சூடாகும். முடிச்சைத் தடவிப் பாருங்கள்: உள்வளைவில் நூல்கள் பளபளவென்று கண்ணாடிபோல் வழவழத்திருந்தால், கிள்ளினால் மடங்காமல் விறைத்திருந்தால், அந்த இடம் உருகி இறுகியிருக்கிறது. அந்த நுனியை வெட்டி எறிந்துவிட்டுப் புது நுனியில் கட்ட வேண்டும். கயிற்றின் நீளம் ஒரு முழம் குறையும், குறையட்டும்.

அடுத்த படி, தனியாக ஒரு பிடிகயிறும் அதற்குக் கீழே சின்னக் கப்பியும். இரண்டு முனையிலும் கண் வைத்துத் தைத்த 8 முதல் 10 மில்லிமீட்டர் கயிற்றை விடி, டிஸ்டல் போன்ற முடிச்சுகளாகக் கட்டுவார்கள். கப்பி முடிச்சைக் கீழிருந்து தள்ளிக்கொண்டே வரும், தளர்ச்சியை ஒரு கையாலேயே எடுத்துவிடலாம். பிடிகயிறு தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும், பிரதான கயிறு தப்பிக்கும். தினமும் மரத்தில் இருப்பவருக்கு நான் சொல்வது இதைத்தான். எத்தனை சுற்று என்பது ஆளின் எடையையும் கயிற்றின் தடிமனையும் பொறுத்தது. 55 கிலோ ஆளுக்கு நன்றாக நெகிழும் சுற்று 90 கிலோ ஆளுக்கு வழுக்கலாம். எனவே இன்னொருவர் கட்டிவைத்த முடிச்சில் ஏறக் கூடாது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் தொங்கி, கவ்வுகிறதா, விடுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும்.

கருவி என்றால் பெட்சல் நிறுவனத்தின் ஜிக்ஜாக் போன்றவை. சங்கிலிபோல் கோத்த உலோகக் கண்ணிகள் முடிச்சின் வேலையைச் செய்யும். ஓட்டம் மழையிலும் வெயிலிலும் ஒரே மாதிரி இருக்கும், கையில் வலி இருக்காது. ஆனால் குறிப்பிட்ட தடிமனுள்ள, குறிப்பிட்ட தரக் கயிற்றோடுதான் அது வேலை செய்யும். அதன் விலைக்குப் பல பிடிகயிறுகள் வாங்கலாம். பலா, மா மரங்களின் பால் உள்ளே போய் உறைந்தால் கண்ணிகள் திக்கித் திக்கி நகரும், அன்றன்றே கழுவித் துடைக்க வேண்டும். உலோகத்தில் விழும் கீறலையும் விரிசலையும் பார்க்கத் தெரிந்த கண்ணும் வேண்டும். முடிச்சு கெட்டால் பார்த்தாலே தெரியும், கருவி கெடுவது அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. முடிச்சில் ஓராண்டு பழகியபின் இதற்குப் போகலாம், முதல் சாமானாக வேண்டாம்.

ஒற்றைக் கயிற்றுக்கு இங்கே ஒரு கூடுதல் செலவு உண்டு. முழு எடையும் ஒரே கயிற்றில் விழுவதால் சாதாரணப் பிடிமுடிச்சு இறுகிப்போய் இறங்கவே விடாது. கெவின் பிங்காம் வடிவமைத்த ரோப் ரென்ச் இதற்குத்தான். முடிச்சுக்குச் சற்று மேலே கயிற்றை லேசாக வளைத்துப் பிடித்து, பாரத்தில் ஒரு பங்கை அது உராய்வாக எடுத்துக்கொள்ளும், முடிச்சு மிச்சத்தை மட்டும் சுமக்கும். ஜிக்ஜாக்கின் புதிய வடிவத்துக்கும் ஒற்றைக் கயிற்றில் ஓட மேலே சிகேன் என்ற துணைக்கருவி வேண்டும். ரென்ச், பாத ஏற்றி, முழங்கால் ஏற்றி மூன்றும் சேர்த்துத்தான் ஒற்றைக் கயிற்றின் விலையைப் பார்க்க வேண்டும்.

கயிறு

ஹார்டுவேர் கடையில் மஞ்சள், நீலம் என்று சுருளாகத் தொங்கும் பிளாஸ்டிக் கயிறுகள் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் அல்லது எச்.டி.பி.இ. வெட்டிய கிளையை இறக்கவே அவை சுமார்தான், ஆள் ஏற ஒருபோதும் கூடாது. பாலிபுரொப்பிலீன் 165 டிகிரி செல்சியஸ் அருகே உருகும், எச்.டி.பி.இ. 130-லேயே. நைலான் 6 சுமார் 220-இலும் பாலியெஸ்டர் 260-ஐ ஒட்டியும் உருகும். பிடிகயிறுகளின் உறையில் கலக்கும் அராமிட் இழை உருகுவதே இல்லை, அதனால்தான் அது அந்த இடத்துக்கு வந்தது. கூடவே, நம் வெயிலில் சில மாதம் கிடந்த பிளாஸ்டிக் கயிற்றைத் தேய்த்தால் கையில் தூளாக ஒட்டும். அந்தத் தூள் கயிற்றின் பலம்தான்.

வாங்க வேண்டியது உள்ளே மையமும் வெளியே பின்னிய உறையும் கொண்ட கயிறு. பாலியெஸ்டர் உறையாக இருந்தால் மேல், நனைந்தாலும் பலம் குறையாது. நைலான் நனைந்தால் பத்து முதல் பதினைந்து சதவீதம் பலம் இழக்கும், அதிகம் நீளும். தடிமன் 11.5 முதல் 13 மில்லிமீட்டருக்குள் இருக்கட்டும். ஐரோப்பிய இஎன் 1891 தரத்தின் ஏ வகைக் கயிற்றுக்குக் குறைந்தபட்சப் பலம் 22 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டே கால் டன் எடை. ஆன்சி விதி 24 கிலோநியூட்டன் கேட்கிறது. முடிச்சு போட்டதும் இதில் கணிசமான பங்கு குறையும், அதனால்தான் 80 கிலோ ஆளுக்கு இவ்வளவு பெரிய எண். மலையேற்றக் கடையில் கிடைக்கும் நீளும் கயிறு வேண்டாம். அது விழுபவரைத் தாங்கச் செய்தது, அதில் ஏறினால் பாதி உழைப்பு கயிற்றை நீட்டுவதிலேயே போகும்.

நீளத்தில் இரண்டு முறைக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. இரட்டைக் கயிற்றுக்குக் கவையின் உயரத்தைப்போல் இரண்டு மடங்கும் கொஞ்சம் மிச்சமும் போதும். 45 மீட்டர் வாங்கினால் 20 மீட்டர் உயரம் வரை கவலையில்லை. நம் ஊர்த் தெருமரங்களில் பெரும்பாலானவை இதற்குள் அடங்கும். ஒற்றைக் கயிற்றுக்கு ஏன் மூன்று மடங்கு வேண்டும் என்பதைக் கீழே சொல்கிறேன். காராபினர்கள் (கயிற்றையும் ஹார்னஸையும் இணைக்கும் உலோக வளையங்கள்) தானாக மூடிப் பூட்டிக்கொள்பவையாக, திறக்குமுன் பூட்டை விடுவிக்கவே இரண்டு தனிச் செய்கைகள் வேண்டுபவையாக இருக்க வேண்டும். கையால் திருகிப் பூட்டும் வகை மரத்தில் கிளை உரசி உரசித் திறந்துகொள்ளும். கட்டடத் தொழிலாளர் போடும் முதுகில் கொக்கி வைத்த பெல்ட்டிலும் ஏறக் கூடாது. இடுப்பும் தொடையும் சேர்த்துத் தாங்கி, முன்பக்கம் கயிறு கோக்க இடமுள்ள உட்காரும் ஹார்னஸ்தான் இந்த வேலைக்கு.

தென்னையும் சாய்ந்த மரமும்

தென்னையில் கயிறு போடக் கவை இல்லை. மட்டைகளை நம்ப முடியாது, காய்ந்த மட்டை தொட்டாலே கழன்று வரும். அங்கே தண்டைச் சுற்றிப் பிடிக்கும் ஏறுகருவியும் அதோடு தண்டைச் சுற்றிய பாதுகாப்புப் பட்டையும்தான் சரி. தென்னை வளர்ச்சி வாரியம் 2011-இல் தொடங்கிய தென்னை மரங்களின் நண்பர்கள் பயிற்சியும் ஏறுகருவியை வைத்துத்தான் நடக்கிறது. காலில் ஆணிமுள் கட்டி ஏறுவது மட்டும் கூடாது. தென்னைத் தண்டில் விழும் குத்து ஆறவே ஆறாது, சிவப்புக் கூன்வண்டு முட்டையிடத் தேடுவது அப்படிப்பட்ட காயத்தைத்தான். வேம்பிலும் மாவிலும் ஆணிமுள் போடலாம், ஆனால் அன்றே அடியோடு வெட்டப்போகும் மரமாக இருந்தால் மட்டும்.

2016 டிசம்பரில் வர்தா சென்னையில் சாய்த்ததுபோல, 2018 நவம்பரில் கஜா டெல்டாவில் சாய்த்ததுபோல, புயலில் வேர் கிளம்பிய மரத்தில் இரண்டு முறையும் ஒன்றுதான்: அதில் கயிறு போடக் கூடாது. பக்கத்தில் உறுதியான மரம் இருந்தால் அதில் கட்டி அங்கிருந்து வேலை செய்யலாம். இல்லாவிட்டால் கிரேனோ தூக்குவண்டியோ வரும்வரை காத்திருக்க வேண்டும்.

மேலே மயங்கினால்

மாமரத்தில் முசிறு எறும்புக் கூடு உடைந்து கண்ணில் விழுகிறது. குளவி கலைகிறது. சித்திரை வெயிலில் தலைசுற்றுகிறது. ஹார்னஸில் அசையாமல் தொங்கும் ஆளின் கால்களில் ரத்தம் தேங்கும், அதிக நேரம் எடுத்துக்கொள்ள முடியாது. யார், எப்படி, எத்தனை நிமிடத்தில் இறக்குவார்கள்?

ஒற்றைக் கயிற்றின் மிகப் பெரிய பலம் இங்கே இருக்கிறது. அடிமரத்தில் வெறும் முடிச்சு போடாமல், ரிக் போன்ற இறக்குகருவியை வைத்து, மிச்சக் கயிற்றை அதன் பின்னால் சுருட்டி வைத்திருந்தால், கீழே நிற்பவர் ஒரு கைப்பிடியைத் திருப்பி ஆளை மெதுவாகத் தரைக்குக் கொண்டுவந்துவிடலாம். மரமேறத் தெரிய வேண்டியதில்லை. இதற்குத்தான் மூன்று மடங்கு நீளம்: ஆள் பக்கம் 20 மீட்டர், அடிமரப் பக்கம் 20, இறக்க விடுவதற்கு 20. ஆள் லேன்யார்டாலும் கட்டிக்கொண்டிருந்தால் இது பலிக்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். லேன்யார்டைக் கழற்ற யாராவது மேலே போகத்தான் வேண்டும்.

அதே அடிமரக் கயிறுதான் இந்த முறையின் பலவீனமும். தரையில் விழுந்த கிளைகளை அரிவாளாலும் செயின்சாவாலும் துண்டுபோடும் ஆள் பக்கத்தில் இருப்பார். விறைத்து நிற்கும் கயிற்றில் அவருடைய வெட்டு ஒரு முறை பட்டால் போதும். மேலிருப்பவரே தண்டை ஒட்டி வெட்டும்போது மறுபக்கம் ஓடும் தன் கயிற்றை அறுத்துக்கொள்ளவும் கூடும். எனவே அடிமரத்தைச் சுற்றிப் பத்தடிக்குச் சிவப்பு நாடா கட்டி, அதற்குள் யாரும் வெட்டுக்கருவியோடு வராதபடி ஒருவர் பொறுப்பில் விட வேண்டும். அந்த ஒழுங்கு வராத குழுவுக்கு ஒற்றைக் கயிறு வேண்டாம். தெருவில் வேலை செய்யும்போது பைக்கை நகர்த்த வருபவர், வேடிக்கை பார்க்க வருபவர் எல்லோரும் அந்தக் கயிற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள்.

இரட்டைக் கயிற்றில் கீழிருந்து இறக்க வழியே இல்லை. இன்னொருவர் ஏறிப்போய், அவரைத் தன்னோடு கோத்துக்கொண்டு இறங்க வேண்டும். ஆகவே இரட்டைக் கயிற்றை வாங்கும் குழு ஒரு செட் வாங்கி நிறுத்திவிடக் கூடாது. முதல் ஆளுக்கு 45 மீட்டர் கயிறு, ஹார்னஸ், பிடிகயிறும் கப்பியும், உராய்வுப் பட்டை, லேன்யார்டு, எறிகயிறு. அதே சாமான்களுடன் இரண்டாவது செட் தரையில் பையைவிட்டு வெளியே எடுத்து, ஹார்னஸை மாட்டிய ஆளோடு தயாராக இருக்க வேண்டும். எறிகயிறு இரண்டாவது கவையில் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருக்க வேண்டும். கையில் இருக்கும் பணத்துக்கு ஒரு ஜிக்ஜாக்கும் ஒரு செட்டுமா, வெறும் முடிச்சோடு இரண்டு செட்டா என்றால், இரண்டு செட்டையே வாங்குங்கள். மாதத்துக்கு ஒரு காலை, பத்தடி உயரத்தில், இரண்டாவது ஆள் முதல் ஆளை இறக்கிப் பழக வேண்டும். இப்போது முடியாது என்று அதைத் தள்ளிப்போடும் குழுக்கள், மரம் கழிக்கும் வேலையைத் தூக்குவண்டி வைத்திருப்பவர்களிடம் விட்டுவிடலாம்.